அறிவு தளரும் பெற்றோரும் பிள்ளைகள் சுமக்கும் அமானிதமும்

 

 

பெற்றோரைப் பேணுதல் பற்றி நீங்கள் எத்தனையோ பயான்களைக் கேட்டிருப்பீர்கள். ஸூரா பனீ இஸ்ராயீலின் 23ஆம், 24ஆம் வசனங்களை ஓதுவோம். பெற்றோரிடம் சடைந்து ஒரு சொல்லும் சொல்லலாகாது என்று விளக்குவோம். துஆச் செய்து முடிப்போம். நானும் பல மஸ்ஜித்களில் அவ்வாறே பேசியிருக்கிறேன். ஆனால் அதே பெற்றோர் நம் பெயரை மறந்து, தம் பணத்தை எண்ண இயலாமல், எந்தக் கடதாசியில் ஒப்பமிடுகிறோம் என்பதை அறியாத நிலைக்கு வரும்போது, அவர்களுக்காக முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்குரியது என்பதை மிம்பர்களில் நாம் பேசுவது மிகவும் குறைவு. அதைப் பேசாமல் விட்டதன் விளைவை நான் நேரில் கண்டேன். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஹற்றன் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் பேஷ் இமாமாகச் சேர்ந்தபோது எனக்கு வயது 26. நான்கு தேயிலைத் தோட்டங்களின் பாதைகள் சந்திக்கும் இடம். முப்பது கடைகள், ஒரு பள்ளிவாசல், ஒரு கோயில். பள்ளிக்கு எதிரே எழுபத்தெட்டு வயது ஹாஜியார் ஒருவரின் பலசரக்குக் கடை இருந்தது. மூன்று தலைமுறைத் தோட்டத் தொழிலாளர்கள் அவரிடம் கடனுக்கு அரிசியும் மாவும் வாங்கிச் சம்பள நாளில் தீர்த்தவர்கள். அவரது கடன் கொப்பியில் ஒரு சதமும் பிசகாது என்று ஊரில் சொல்வார்கள்.

நான் போன காலத்தில் அந்தக் கொப்பி பிசகத் தொடங்கியிருந்தது. ஒரே பெண்ணுக்கு ஒரே நாளில் இரண்டு முறை அரிசி நிறுத்துக் கொடுப்பார், ஒன்றையும் எழுதமாட்டார். மஃரிப் தொழுதுவிட்டுப் படியிறங்கியவர் திரும்பி வந்து, மஃரிபுக்குப் பாங்கு சொல்லியாயிற்றா என்று கேட்பார். மௌத்தாகிப் பல வருடங்களாகிவிட்ட முந்திய இமாமின் பெயரைச் சொல்லியே என்னை அழைப்பார். நானும் திருத்துவதில்லை.

ஒருநாள் இஷாவுக்குப் பின் அவரது மூத்த மகன் என்னை வீட்டுக்கு அழைத்தார். நொத்தாரிசு வந்திருந்தார். கடையும் அதனோடு சேர்ந்த காணியும் மகன் பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதப்பட்டிருந்தன. நொத்தாரிசு வாசித்துக் காட்டி, விருப்பந்தானா என்று கேட்டார். ஹாஜியார் புன்னகையோடு தலையசைத்து, எல்லோரும் தேத்தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டார். கை நடுங்கியதால் பெருவிரல் அடையாளம் எடுத்தார்கள். இரண்டு சாட்சிகளில் ஒருவனாக நான் ஒப்பமிட்டேன்.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு அவருடைய மகள் கம்பளையிலிருந்து வந்தார். பள்ளி முற்றத்தில், சற்றுத் தள்ளி நின்று, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஹஸரத், அன்றைக்கு எங்கட வாப்பா உங்களை யாரென்று அறிந்திருந்தாரா?"

நேயர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு விடைதான் இருந்தது. அரபுக் கல்லூரியில் நான் பாடமாக ஓதி, பின்பு மாணவர்களுக்கும் ஓதிக்கொடுத்த ஹதீஸ் ஒன்று உண்டு. நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களின் தந்தை தம் பிள்ளைகளுள் அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பை வழங்கி, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோலக் கொடுத்தீரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும், அநீதிக்குத் தாம் சாட்சியாக முடியாதென மறுத்துவிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி அது. அங்கே தந்தை முழு அறிவோடு இருந்தார். இருந்தும் நபியவர்கள் மறுத்தார்கள். இங்கே தந்தைக்கு என்னைக்கூடத் தெரியவில்லை. நான் பேனையை எடுத்தேன்.

அந்த மகன் கெட்டவர் அல்லர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். வாப்பாவைக் குளிப்பாட்டியவர் அவர். மார்கழிக் குளிரில் இரவில் மூன்று முறை எழுந்து உடை மாற்றியவர் அவர். தங்கைகள் பெருநாளுக்கு வந்து பலகாரம் தந்துவிட்டுப் போனார்கள். "நான்தானே பார்க்கிறேன், கடை எனக்கு வந்தால் என்ன?" என்று அவர் நினைத்ததில் ஒரு மனித நியாயம் இருந்தது. ஆனால் பணிவிடைக்கு அல்லாஹ்விடம் உள்ள கூலி வேறு. தந்தையின் சொத்தின் மீதான அதிகாரம் வேறு. முன்னையது பின்னையதைத் தானாகக் கொண்டுவராது.

நமது ஷாபிஈ மத்ஹபின் மூல நூல்களுள் ஒன்றான இமாம் நவவியின் 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலில், சொத்தின் மீதான பொறுப்பாளர் யார் என்பது வரிசையாகச் சொல்லப்படுகிறது: சிறுவனுக்குத் தந்தை, பின்பு தந்தையின் தந்தை, பின்பு அவ்விருவரும் நியமித்த வஸீ, அதன் பின் காழி. வயது வந்த பிறகு அறிவை இழந்தவருக்கும் சிறுவயதில் பொறுப்பாளராக இருந்தவரே பொறுப்பாளர். எண்பது வயதுக் கிழவருக்குத் தந்தையோ பாட்டனாரோ உயிரோடு இருக்கப்போவதில்லை. எனவே பொறுப்பு நேரே நீதிபதியிடம் செல்கிறது. இந்த வரிசையில் மகன் எங்கே என்று பாருங்கள். மகன் இல்லை! மூத்த மகனும் இல்லை, மனைவியும் இல்லை. நீதிபதி நியமித்தால் வரலாம். பிள்ளை என்ற ஒரே காரணத்தால் வர முடியாது. ஓதும் காலத்தில் இந்த வரியைப் பரீட்சைக்காக மனனமிட்டேன். அது நம் வீட்டு வாசலுக்கு வரும் விடயம் என்று தோன்றவேயில்லை.

நாட்டுச் சட்டமும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. இலங்கையில் காணி உறுதி செல்லுபடியாக வேண்டுமாயின், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். ஆனால் எத்தனை முத்திரை குத்தினாலும், எழுதிக்கொடுப்பவருக்குத் தாம் செய்வது இன்னதென விளங்கும் அறிவு அந்நேரத்தில் இருக்கவில்லை என நிரூபிக்கப்பட்டால் அந்த உறுதி நிலைக்காது. அறிவு மங்கிய பெற்றோரின் சொத்துக்களை ஒருவர் முகாமை செய்ய விரும்பினால், 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 39ஆம் அத்தியாயத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்திடம் மனுச் செய்ய வேண்டும். நீதிமன்றம் விசாரித்து, வைத்தியச் சான்றைப் பார்த்து, சொத்துக்கு முகாமையாளரையும் ஆளுக்குப் பாதுகாவலரையும் நியமிக்கும். நியமிக்கப்பட்டவர் கணக்குக் காட்ட வேண்டும். நீதிமன்றத்தின் அனுமதியின்றிக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ அவரால் முடியாது.

பலர் காழியாரிடம் ஓடுகிறார்கள். கிதாபுகளில் 'காழி' என்று இருப்பதால் வரும் மயக்கம் இது. நம் நாட்டின் காழி நீதிமன்றங்கள் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தால் அமைந்தவை. திருமணம், தலாக், தாபரிப்பு ஆகியவற்றோடு அவற்றின் எல்லை முடிகிறது. வயோதிபரின் சொத்து முகாமைக்கு மாவட்ட நீதிபதியே நமக்குக் காழியின் இடத்தில் இருக்கிறார்.

இன்னொரு கூட்டத்தினர், "எங்களிடம் அற்றோணித் தத்துவம் இருக்கிறது" என்பார்கள். 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவாகும் பத்திரம் அது. வாப்பா கத்தாரில் வேலை செய்தபோது எழுதித் தந்தது, அல்லது உம்மா கண் சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் தந்தது. எழுதித் தந்தவர் அறிவோடு இருக்கும்வரை அதற்கு உயிர் உண்டு. அவரால் இனி அதை மீளப்பெறக்கூட முடியாது என்ற நிலைக்கு அவர் அறிவு போய்விட்டால், முகவரின் அதிகாரமும் முடிவுறுகிறது என்பதே பொதுவான சட்ட விதி. நமது ஃபிக்ஹும் வகாலத் பற்றிய பாடத்தில் இதையே சொல்கிறது: நியமித்தவர் புத்தி இழந்தால் வகீலின் பதவி நீங்கிவிடும். ஆகவே அந்தப் பத்திரத்தை இறும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஐந்து வருடம் கழித்துக் காணி விற்கப் போவது மார்க்கப்படியும் சட்டப்படியும் ஆபத்தான காரியம்.

இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் உளத்தகைமைச் சட்டமும், சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டின் அதே பெயர்ச் சட்டமும் இதற்கு ஒரு வழி வைத்துள்ளன. ஒருவர் நல்ல அறிவோடு இருக்கும்போதே, "என் அறிவு போனால் இன்னார் எனக்காக முடிவெடுக்கட்டும்" என்று எழுதிப் பதிந்துவைக்கலாம். அது அறிவு போன பிறகும் நீடிக்கும். நம் ஊரில் அந்த வசதியை நம்பிக் காரியம் செய்ய முடியாது. வாப்பா தெளிவாக இருக்கும் காலத்தில் வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுதல், கொடுக்கல் வாங்கல் யாவற்றையும் எழுதிவைத்தல், வஸிய்யத் செய்தல், பராமரிப்பு எப்படி அமைய வேண்டும் என்ற அவரது விருப்பத்தை எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் கேட்டறிதல், இவையே நம் கையில் உள்ளவை. கூட்டுக் கணக்கில் பெயர் சேர்ந்த பிள்ளை, அது செலவுக்குத் தந்த சாவியே அன்றிச் சொத்து அல்ல என்பதை மற்றவர்களிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மறதி என்றதும் நீதிமன்றம் என்று யாரும் புறப்பட்டுவிடாதீர்கள். தைரொய்ட் குறைபாடு, விட்டமின் பி12 குறைபாடு, சிறுநீர்த் தொற்று, சில மாத்திரைகள், மனச்சோர்வு, ஏன், காது கேளாமைகூட ஒரு முதியவரை அறிவு கலங்கியவர்போலக் காட்டும். இவற்றுள் பல மருந்தால் தீரும். முதலில் அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று உடலையும் உளத்தையும் பரிசோதியுங்கள். உளநலம் பற்றிய ஆலோசனைக்கு 1926 என்ற தேசிய தொலைபேசி இலக்கமும் உண்டு. றாகமைப் பகுதியில் செய்யப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, 65 வயதைத் தாண்டியோரில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் டிமென்ஷியா எனும் மறதி நோயைக் கண்டது. அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேரிடம் இல்லை. வயதானவர் சாவியைத் தேடினால் அவர் சொத்துக்குப் பொறுப்பாளர் தேடுவது அநியாயம்.

இவ்விடத்தில் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்வைக் கவனியுங்கள். ஸுனன் நூல்களில் பதிவானது. அன்ஸாரிகளுள் ஒருவர், ஹப்பான் இப்னு முன்கித் என்றும், அவரது தந்தை முன்கித் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. தலையில் பட்ட காயத்தால் அவரது பேச்சும் கணிப்பும் பலவீனமடைந்திருந்தன. ஆனால் வியாபாரத்தை விடமாட்டார். எல்லோரும் அவரை ஏமாற்றினார்கள். குடும்பத்தார் நபியவர்களிடம் வந்து, அவர் கொடுக்கல் வாங்கல் செய்வதைத் தடைசெய்யுமாறு, அதாவது 'ஹஜ்ர்' விதிக்குமாறு வேண்டினார்கள். நபியவர்கள் குடும்பத்தாரின் பேச்சோடு முடிவெடுத்துவிடவில்லை. அந்த மனிதரையே அழைத்தார்கள். வியாபாரம் செய்யவேண்டாம் என்றார்கள். அவரோ, என்னால் அதைவிட்டு இருக்க முடியாது என்றார். அப்படியானால் வியாபாரம் பேசும்போது "லா கிலாபா", ஏமாற்றுதல் கூடாது, என்று சொல்லிவிடும் என்றார்கள். வாங்கிய பொருளை மூன்று நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் அவருக்கு அளித்தார்கள்.

பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் நடந்த இந்த விசாரணையில் எத்தனை நுட்பங்கள்! சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் மனம் எதில் வாழ்கிறது என்பதைப் பார்த்தார்கள். முழுத் தடைக்குப் பதிலாக, அவர் ஏமாறாமல் இருக்கப் போதுமான அளவு பாதுகாப்பு மட்டும் வைத்தார்கள். நான் சொன்ன இங்கிலாந்துச் சட்டத்திலும், ஒருவருக்காக முடிவெடுப்பவர் அவரது சுதந்திரத்தை இயன்றவரை குறைவாகவே கட்டுப்படுத்த வேண்டும் என்பது ஒரு அடிப்படை விதி. அதைப் படித்தபோது எனக்கு முன்கித் குடும்பத்தாரின் செய்திதான் நினைவுக்கு வந்தது.

நம் ஹாஜியாரின் கடையில் இதை எப்படிச் செய்திருக்கலாம்? அவரைக் கல்லாவிலிருந்து எழுப்பாமல், கொப்பியை மட்டும் ஒரு பேரனிடம் கொடுத்திருக்கலாம். சில்லறை நாணயங்களை அவர் முன்னே வைத்து, பெரிய நோட்டுக்களை உள்ளே எடுத்திருக்கலாம். தோட்டத்துப் பெண்கள் நேர்மையானவர்கள். இரண்டாம் முறை அரிசி கிடைத்தால் அவர்களே, "முதலாளிக்கு மறந்து போச்சு, தம்பி" என்று மகனிடம் திருப்பித் தந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஊர் முழுவதும் அவரை ஏமாற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் நடந்ததைத்தான் ஒருவரும் பார்க்கவில்லை.

ஸூரா அல்பகராவின் 282ஆம் வசனம் அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம். கடனை எழுதிவைத்தல் பற்றியது. கடன்பட்டவர் அறிவு குன்றியவராகவோ, பலவீனராகவோ, வாசகம் சொல்ல இயலாதவராகவோ இருந்தால், அவரது பொறுப்பாளர் நீதியோடு வாசகம் சொல்லட்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். இறைவனின் அந்த ஏற்பாட்டில் 'நீதியோடு' என்ற நிபந்தனை ஒட்டியே வருகிறது. ஸூரா அந்நிஸாவின் 5ஆம் வசனமோ, பொருளை முகாமை செய்ய இயலாதவர்களுக்கு அதிலிருந்தே உணவும் உடையும் கொடுத்து, அவர்களிடம் நல்ல முறையில் பேசவும் கட்டளையிடுகிறது. உணவு, உடையோடு பேச்சும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சொத்தைப் பொறுப்பேற்றவர் பேச்சைச் சுருக்கிக்கொள்வார் என்பதைப் படைத்தவன் அறிவான்.

அதிலிருந்தே கொடுங்கள் என்பதையும் சற்று நின்று யோசிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் மாத்திரைகளின் விலையும், முதியோருக்கான பம்பஸின் விலையும் எப்படி ஏறின என்பது பராமரிப்போருக்குத் தெரியும். உம்மாவின் பெயரில் நிலையான வைப்பு இருக்கிறது, நகை இருக்கிறது, கண்டியில் ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறது. ஆனால் உம்மா கிழிந்த கம்பளியோடு படுத்திருக்கிறார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வேலைக்கு வைக்கப் பணமில்லை என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், நாளை பங்கு வைக்கும்போது குறைந்துவிடுமாம். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும், நம் ஷரீஅத்தும் வாரிசு என்பதை மௌத்துக்குப் பின்னரே அறிமுகம் செய்கின்றன. உயிரோடுள்ள உம்மாவுக்கு வாரிசு எவரும் இல்லை. அது உம்மாவின் பணம்; உம்மாவின் கம்பளிக்கும், பணிப்பெண்ணுக்கும் உரிய பணம்.

ஷாபிஈ மத்ஹபில் அறிவிழந்தவரின் சொத்திலும் ஸகாத் கடமை. அதைப் பொறுப்பாளர் நிறைவேற்ற வேண்டும். இதைப் பலர் அறியார்.

சொத்துச் சண்டை பணக்காரருக்கும் ஏழைக்கும் பொதுவானது, புகழ்பெற்றோரும் தப்பியதில்லை. இந்தியாவின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஜோர்ஜ் பெர்னாண்டஸ், 1974ஆம் ஆண்டு ரயில்வே வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர். ஒரு நாட்டையே நிறுத்தி வைத்த குரல் அது. அல்ஸைமர் நோயால் அவரது நினைவு மங்கிய பின், அவர் யாருடைய பராமரிப்பில் இருப்பது என்பது பற்றி 2010ஆம் ஆண்டு அவரது மனைவிக்கும் சகோதரர்களுக்கும் இடையில் டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. மனைவியின் பராமரிப்பில் இருக்கவும், சகோதரர்கள் சென்று பார்க்கவும் நீதிமன்றம் வழிசெய்தது. 2019 ஜனவரியில் அவர் காலமானார். எவர் பக்கம் நியாயம் என்பது நம் வேலையன்று. எல்லோரும் அவரை நேசிப்பதாகவே சொன்னார்கள். அவருடைய விருப்பம் என்ன என்பதை அவரிடம் கேட்கும் காலம் மட்டும் கடந்துபோயிருந்தது.

இனி, வீட்டுக்குள் நடக்கும் பராமரிப்பு. எனக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி காணும் ஏற்பாடு 'மாத முறை'. உம்மா இந்த மாதம் நுவரெலியாவில் மூத்தவர் வீட்டில், அடுத்த மாதம் கொழும்பில் இளையவர் வீட்டில், அதற்கடுத்து மாத்தளையில் மகள் வீட்டில். பிள்ளைகளுக்கு இது நீதியாகத் தோன்றும். மறதி நோயுள்ள உம்மாவுக்கோ இது மாதந்தோறும் ஒரு புதிய உலகம். மலசலகூடம் எந்தப் பக்கம் என்பது புரிந்து வரும்போது மாதம் முடிந்துவிடும். அவர் பழகிய ஒரே வீட்டில் இருக்கட்டும். பிள்ளைகள் முறைவைத்து அங்கே வந்து தங்கட்டும், வர முடியாதவர் பணம் அனுப்பட்டும். வெளிநாட்டிலுள்ள மகன் தொலைபேசியில் ஆலோசனை மட்டும் அனுப்புவதை நான் பராமரிப்பாக எண்ணவில்லை.

மருமகள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாமியாரைக் குளிப்பாட்டுவது மருமகள் மீது மார்க்கக் கடமையன்று; அவர் செய்தால் அது இஹ்ஸான், பேருபகாரம். கடமை பெற்ற பிள்ளைகள் மீது. இதைச் சொன்னால் சில ஆண்களுக்கு முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும்.

மலையகத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. மாலை நான்கு மணிக்கு மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. வீட்டைவிட்டு எழுந்து நடந்துவிடும் முதியவர் தேயிலைப் புதர்களுக்கிடையிலோ புகையிரதப் பாதையிலோ போய்விட்டால் தேடுவது கடினம். வாயிற் கதவுக்கு மேற்பக்கத்தில் ஒரு கொளுக்கி, சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய அட்டை, அயலவருக்கும் தோட்டத்துக் காவலாளிக்கும் ஒரு சொல். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். "வாப்பாவுக்குப் பைத்தியம் என்று ஊர் சொல்லும்" என அஞ்சி, நோயையே மறைத்து வைத்ததால் பனியில் பிதா தொலைந்த வீடுகள் உண்டு.

தொழுகை பற்றிப் பலர் கேட்கிறார்கள். மூவரைவிட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டது என்ற ஹதீஸை நீங்கள் அறிவீர்கள்: உறங்குபவர், சிறுவர், புத்தியிழந்தவர். அபூதாவூதில் ஓர் அறிவிப்பு, முதுமையால் அறிவு தடுமாறியவரையும் அவர்களோடு சேர்க்கிறது. எனவே ரக்அத்தை மறந்து மறந்து தொழும் உம்மாவை அதட்டாதீர்கள். தெளிவான வேளையில் தொழட்டும். தெளிவில்லாத வேளைக்குக் கேள்வியில்லை. நோன்புக்குப் பலம் இல்லாத, ஆனால் புத்தியுள்ள முதியவருக்கு ஃபித்யா உண்டு. புத்தியே நீங்கியவருக்கு நோன்பும் இல்லை, ஃபித்யாவும் இல்லை. மகனின் பெயரை மறந்த மூதாட்டி ஃபாத்திஹாவை ஓர் எழுத்துப் பிழையின்றி ஓதுவதை நான் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் அமர்ந்து ஓதுங்கள், கூட ஓதுவார்.

இவ்விடயம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. தோட்டங்களிலிருந்து இந்நிகழ்ச்சியைக் கேட்கும் சகோதரர்களும் இருக்கிறீர்கள். முப்பது நாற்பது வருடம் கொழுந்து பறித்த தாய்மாருக்குச் சொத்தென்று இருப்பது ஊழியர் சேமலாப நிதிப் பணமும், ஒரு சோடித் தோடும்தான். அண்மைக் காலத்தில் சிலருக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் வந்திருக்கிறது. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட, லயத்து அறையில் பேரப்பிள்ளையோடு இருக்கும் அந்தத் தாயை ஒருநாள் வங்கிக்கு அழைத்துச் சென்று கைநாட்டு வாங்கிவிடுவார்கள். தொகை சிறிது என்பதால் அநீதியும் சிறிதாகிவிடாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பதைப் பிள்ளைகளின் சட்டக் கடமையாக்கியுள்ளது. கைவிடப்பட்ட பெற்றோர் அச்சட்டத்தின் கீழுள்ள பராமரிப்புச் சபையிடம் முறையிட்டு, பிள்ளைகளிடமிருந்து மாதாந்தத் தொகை கோரலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால், பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் யாரெனக் கேளுங்கள். கிராம உத்தியோகத்தர் வழிகாட்டுவார்.

அந்த ஹாஜியாரின் வீட்டு விடயத்துக்கு வருகிறேன். மகளின் கேள்விக்கு, "இல்லை தாத்தா, அவர் என்னை அறியவில்லை, அறிந்துகொண்டே நான் ஒப்பமிட்டேன்" என்று சொன்னேன். அன்றிரவே மகனிடம் போய், விசாரணை வந்தால் இதையே நீதிமன்றத்திலும் சொல்வேன் என்றேன். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதன் பின் ஏழு மாதங்கள் அவர் என் பின்னால் தொழவில்லை. அடுத்த நகரத்துப் பள்ளிக்கு ஜும்ஆவுக்குப் போனார். நிர்வாக சபையில் என்னை மாற்றவேண்டும் என்ற பேச்சும் எழுந்தது.

பின்பு அவரே வந்தார். வாப்பாவுக்கு நியுமோனியா கண்டு வைத்தியசாலையில் இருந்த நாட்கள் அவை. தங்கைகள் இருவரும் வந்து, இரவு பகலாக மாறி மாறிக் கட்டிலருகே இருந்தார்கள். தனியாகச் சுமந்தது என்ன பாரம் என்பது அப்போதுதான் அவர்களுக்கும் விளங்கியது என நினைக்கிறேன். மூவரும் சேர்ந்து ஒரு சட்டத்தரணியிடம் போனார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யப்பட்டது. வைத்திய அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது. மகன், அந்த நன்கொடை உறுதியில் தாம் தங்கியிருக்கப் போவதில்லை என அறிவித்து, கடையையும் காணியையும் வாப்பாவின் சொத்துப் பட்டியலில் சேர்த்தார். நான் என் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். நீதிமன்றம் முகாமையாளராக நியமித்தது யாரை? அதே மகனைத்தான். தங்கைகள் இருவரும் சம்மதித்தார்கள். கடையின் இலாபத்திலிருந்து வாப்பாவைப் பார்க்க ஓர் ஆளை வைத்தார்கள். கடையை நடத்துவதற்காக மகனுக்கு ஒரு நியாயமான மாதச் சம்பளமும் தீர்மானித்தார்கள். வசதியற்ற பொறுப்பாளர் வழக்கத்துக்கு ஏற்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஸூரா அந்நிஸாவின் 6ஆம் வசனத்தில் இடமிருக்கிறது.

ஹாஜியார் அதன் பின் இரண்டு ரமழான்கள் வாழ்ந்தார். பிற்பகலில் அவரைக் கடைக்குக் கூட்டிவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். சம்பள நாளில் வரும் தோட்டத்து மக்கள், மகனிடம் கணக்கைத் தீர்த்துவிட்டு, கடைசிப் பத்து ரூபாய் நாணயத்தை மட்டும் அவர் கையில் கொடுப்பார்கள். அவர் அதை எண்ணிப் பார்த்து, "சரியா இருக்கு" என்பார். என்னை இறுதிவரை பழைய இமாமின் பெயரால்தான் அழைத்தார்.

மகன் இன்றும் அந்தக் கடையில் இருக்கிறார். வாப்பாவின் வரவு செலவைக் கடன் கொப்பி ஒன்றில் மாதாமாதம் எழுதித் தங்கைகளுக்குக் காட்டி ஒப்பம் வாங்கியிருந்தார். அந்தக் கொப்பியை எனக்குக் காட்டியபோது, முதற் பக்கத்தில் என்னையும் சாட்சியாக ஒப்பமிடச் சொன்னார். முழுவதையும் வாசித்துவிட்டு ஒப்பமிட்டேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.